வருஷம் முழுக்க வீட்டுப் படம்: திருமலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் என்று இருபது வருஷத்துக்கு மேலாகத் திருகோணமலையில் கமராவோடு வீடு வீடாகப் போய் வருகிறேன். வேலை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது வீட்டுக்காரர் தங்கள் போனை நீட்டி, "இந்தப் படம் ஏன் இப்படி வந்தது?" என்று கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டுப் படத்தை வீட்டில் உள்ளவர்தான் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். மகள் போனைத் தூக்கும்போது தாயின் முகத்தில் வருகிற சிரிப்பு, நான் கமராவைத் தூக்கும்போது ஒருநாளும் வருவதில்லை.

இதற்கென்று நல்ல கமரா வாங்க வேண்டுமா?

வேண்டாம். இருக்கிற போன் போதும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். கடலுக்குக் கிட்ட இருக்கிற ஊர் என்பதால் காற்றிலேயே உப்பு இருக்கிறது. போதாததற்குத் தலைக்கு எண்ணெய் வைத்த விரல் வேறு படும். விளக்கைப் படம் பிடிக்கும்போது அதைச் சுற்றி ஒளி கோடாக இழுபட்டால் கண்ணாடி அழுக்கு என்று அர்த்தம். பழைய பருத்தி வேட்டித் துண்டொன்று போதும். கடற்கரையால் வந்த உடனே மட்டும் தேய்க்காதீர்கள். மணலை ஊதிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அப்புறம் துடையுங்கள். இல்லாவிட்டால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். அது தானாகப் போக ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள்.

வருஷப்பிறப்பன்று புது உடுப்போடு முற்றத்தில் நிற்கவைத்து எடுத்தோம். எல்லோருக்கும் கண் இருக்கும் இடத்தில் கறுப்புக் குழி. போனில் பிழையா?

போனில் பிழை இல்லை, நீங்கள் எடுத்த நேரம்தான் பிழை. திருமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சூரியன் வடக்கே நகர்ந்து வரும்போது ஏப்ரல் 12 வாக்கில் சரியாக நம் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. வருஷப்பிறப்பு நாளில் பகல் 12 மணி தாண்டிய சில நிமிடங்களில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள், நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அந்த வெயிலில் புருவ எலும்பின் நிழல் கண்ணை மூடுகிறது, மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசையாக விழுகிறது. எவ்வளவு விலை கொடுத்த கமராவானாலும் அதை மாற்றாது. சூரியன் தெற்கே திரும்பும்போது ஓகஸ்ட் கடைசியிலும் இதே நிலைதான். வெளிநாட்டுச் சொந்தக்காரர் லீவுக்கு வந்து நிற்கும் காலமும் அதுவே.

ஆகவே விறாந்தைக்கு வாருங்கள். கூரை விளிம்பிலிருந்து ஓரடி இரண்டடி உள்ளே, முற்றத்தைப் பார்த்தபடி அவர்களை நிறுத்துங்கள். நீங்கள் முற்றத்தில் நின்று எடுங்கள். மேல்வெயிலைக் கூரை மறைக்கும். முற்றத்து மணலில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கீழிருந்தும் முன்னாலிருந்தும் முகத்தில் பரவும். கண்மணியில் முற்றம் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தப் புள்ளி இருந்தால் முகத்தில் உயிர் இருக்கும். பெரிய ஸ்டூடியோக்கள் விளக்கும் வெள்ளைக் குடையும் வைத்துச் செய்வதை நம் ஊர் விறாந்தை சும்மாவே செய்து தருகிறது. இரண்டடிக்கு மேல் உள்ளே போனால் முகம் மங்கிவிடும், அதையும் கவனியுங்கள். மாமர நிழலில் எடுப்பதானால் இலையிடுக்கால் வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழாத இடமாகத் தேட வேண்டும்.

அன்றைக்கு வரிசையாக நின்று எடுக்கிற படம் ஒன்று போதும். உண்மையான படங்கள் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடும். காலையில் மருத்து நீர் வைக்கும்போது, சின்னவனின் உச்சந்தலையில் அப்பப்பாவின் விரல் தேய்க்கும். நீர் நெற்றியால் வழிந்து கண்ணுக்குள் போகுமென்று அவன் முகத்தைச் சுருக்குவான். கிட்டப் போய் அந்தத் தலையையும் விரலையும் மட்டும் எடுங்கள். கைவிசேஷம் கொடுக்கும்போதும் அப்படித்தான்: வெற்றிலையோடு காசு மாறுகிற இரண்டு கைகள், ஒன்று சுருங்கியது, ஒன்று பிஞ்சு. போர்த்தேங்காய் அடிக்கிற இடத்தில் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்து இருபது படம் எடுத்தால், ஓடு தெறிக்கிற ஒரு படமாவது அகப்படும்.

பொங்கல் பானை பொங்குகிற நேரத்தை எப்படிப் பிடிப்பது?

ஜனவரி நடுவில் இங்கே சூரியன் எழ 6.20 தாண்டிவிடும். கிழக்குப் பார்த்துப் பானை வைப்பதால் வெளிச்சக் கணக்கு சுலபம். பானைக்குக் கிழக்கே நின்று எடுத்தால் இளவெயில் எல்லோர் முகத்திலும் நேராகப் படும். நிறம் பொன்னாக வரும். ஆனால் புகையும் ஆவியும் அந்தப் பக்கத்திலிருந்து தெரியாது. மேற்கே போய்ச் சூரியனைப் பார்த்தபடி எடுத்தால் ஆவி வெள்ளி நூல்போல மின்னும், முகங்கள் இருளும். பால் நுரை கட்டத் தொடங்கும்வரை கிழக்கே நின்று முகங்களை எடுங்கள். நுரை வாய்க்கு வந்ததும் மேற்கே ஓடுங்கள். பானை வழிகிறபோது பானையை எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் பானையைப் பார்க்கிற பிள்ளையின் வாயை எடுங்கள்.

ஜனவரியில் மாரி முழுதாக விட்டிருக்காது, மப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் எந்தப் பக்கமும் நிற்கலாம்.

தீபாவளிக்கு எப்போதும் மழை. படம் எடுக்க வெளிச்சமே இல்லை.

மழைநாள் வெளிச்சத்தை மனிதர் ஏன் இவ்வளவு குறை சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிவதேயில்லை. முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. முகில் முழுவதும் ஒரே விளக்காகி, நிழல் விழாமல், சுருக்கம் தெரியாமல், பட்டுச் சேலையின் நிறம் வெளிறாமல் வரும். ஒக்ரோபரில் இருந்து ஜனவரி வரை இது நமக்குக் கிடைக்கிற கொடை. வானத்தை மட்டும் படத்துக்குள் விடாதீர்கள். வெள்ளையாக வெளுத்து முகத்தை இருட்டாக்கும். பின்னால் சுவரோ, நனைந்த வாழையோ, கதவோ இருக்கட்டும். வீட்டுக்குள் என்றால் யன்னல் ஓரத்துக்குக் கதிரையைக் கொண்டுபோங்கள், அறை விளக்கை அணையுங்கள். யன்னல் வெளிச்சம் நீலமாகவும் மின்குமிழ் மஞ்சளாகவும் கலந்தால் தோல் நிறம் கெட்டுவிடும். நவம்பரில் 5.45 அளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. பின்னேரம் எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கார்த்திகை விளக்கீட்டன்று எடுத்தால் விளக்குத் தெரிகிறது, பிள்ளை தெரியவில்லை. பிளாஷ் போட்டால் பிள்ளை தெரிகிறது, விளக்குத் தெரியவில்லை.

பிளாஷை நிறுத்திவிடுங்கள். போன் பிளாஷ் இரண்டு மூன்று மீற்றருக்கு அப்பால் பயன்படாது. கிட்ட இருப்பதை வெளுப்பாக்கி, சுட்டி விளக்கின் அழகையும் அடித்துப்போடும். ஒரு சுட்டி ஒரு முகத்துக்குப் போதாது. நாலைந்து சுட்டிகளை ஒன்றாக வைத்து, அவற்றுக்கு ஓரடி தூரத்தில் பிள்ளையை இருத்துங்கள். உடுப்பும் தலைமயிரும் நெருப்புக்கு எட்டாமல் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். போன் திரையில் பிள்ளையின் கன்னத்தைத் தொடுங்கள், கமரா அந்த இடத்துக்கு வெளிச்சத்தைச் சரிசெய்யும். முழங்கை இரண்டையும் திண்ணையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து அழுத்துங்கள். இரவு முறையில் போன் ஓரிரு விநாடி வெளிச்சம் சேர்க்கும். அதற்குள் பிள்ளை அசைந்தால் முகம் கரைந்துவிடும். "திரியையே பார், அணைகிறதா என்று சொல்லு" என்றால் தானாக அசையாமல் இருக்கும்.

முற்றாக இருட்டுவதற்கு முன், வானம் கருநீலமாக இருக்கிற இருபது நிமிடம்தான் மிக நல்ல நேரம். விளக்கும் தெரியும், வீடும் தெரியும். நவராத்திரிக் கும்பம் வீதியால் வரும்போதும் வெசாக் கூடுகளுக்கும் இதே வழிதான்.

டச்சுக் குடாக் கடற்கரையில் எடுத்தால் காலையில் முகம் கறுப்பு. நிலாவெளியில் எல்லோரும் கண்ணைச் சுருக்குகிறார்கள்.

நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பின்னால் வைத்தால் சூரியனும் பின்னால்தான் இருக்கும். உருவம் மட்டும் கறுப்பாகத் தெரிகிற படம் வேண்டுமானால் அது சரி, பட்டம் விடும் பிள்ளைக்கு நன்றாக அமையும். முகம் வேண்டுமானால் பின்னேரம் போங்கள். ஐந்து மணிக்குப் பிறகு சூரியன் ஊர்ப் பக்கம் இறங்கிவிடும். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகத்தில் மெதுவான வெளிச்சம், பின்னால் நீலக் கடல். கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் மறைந்த பிறகும் கால் மணி நேரம் நல்ல வெளிச்சம் இருக்கும்.

தண்ணீருக்கு மேல் சூரியன் மறைவதை எடுக்க வேண்டுமென்று வெளிநாட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு நகரின் மற்றப் பக்கம், உட்துறைமுகத்தை நோக்கிப் போக வேண்டும். எழுவதையும் மறைவதையும் தண்ணீரில் பார்க்கக் கிடைத்த ஊர் இது. கடற்படை, இராணுவ இடங்களின் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

நிலாவெளி மணல் வெளிறியது, வெயிலைத் திருப்பி அடிக்கும். போன் அதைப் பார்த்து வெளிச்சம் கூடிப்போயிற்று என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கும். முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுங்கள். கண் சுருங்காமல் இருக்க, கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொல்லி அந்த நொடியில் எடுங்கள். மாரிக் கடல் கரடுமுரடானது. படத்துக்காகப் பிள்ளைகளை அலைக்கு முதுகு காட்டி நிற்கவைக்க வேண்டாம்.

கோணேசர் கோயிலுக்கும் கன்னியாவுக்கும் போகும்போது?

கோயில் உள்ளே எடுப்பதற்கு முன் கேளுங்கள். மூலஸ்தானத்தின் பக்கம் கமராவே வேண்டாம். கோட்டை வாசலால் ஏறிப் போகும் வழியில் மரநிழல் இருக்கிறது, மான்கள் நிற்கும். மானைக் கூப்பிடப் பொலித்தீன் பையை ஆட்டாதீர்கள், அது அதைத் தின்றுவிடும். பிள்ளையை மானுக்குப் பக்கத்தில் தள்ளாமல், தூரத்தில் நிற்கவிட்டு இரண்டையும் ஒரே படத்தில் சேருங்கள். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் பக்கம் விளிம்புக்குப் போய் எடுக்கும் படம் எனக்கு வேண்டவே வேண்டாம். நேர்த்திக்குக் கட்டிய சின்னத் தொட்டில்களைப் பார்த்து நிற்கிற அம்மம்மாவின் முகம் அதைவிடப் பெரிய படம்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒவ்வொன்றின் சூட்டையும் கைவிட்டுப் பார்க்கிற பிள்ளைகளை எடுங்கள். இறந்தவருக்குக் கிரியை செய்ய வந்தவர்களும் அங்கே இருப்பார்கள். அவர்கள் உங்கள் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓகஸ்டில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எல்லோரும் வந்தால் முப்பது பேர். எப்படி ஒரு படத்துக்குள் அடக்குவது?

முதலில் கதிரைகள். நடுவில் மூத்தவர்கள் இருக்கட்டும். அவர்கள் இருந்த பிறகுதான் மற்றவர்கள். பின்னால் ஒரு வரிசை நிற்க, முன்னால் பிள்ளைகள் பாயில் இருக்க, இன்னொரு வரிசை விறாந்தைப் படியில் ஏறி நிற்கட்டும். ஆட்கள் தோளைச் சற்றுச் சரித்து நின்றால் இடம் மிஞ்சும். ஒருவரின் முகம் மற்றவருக்குப் பின்னால் மறைந்திருந்தால், "கமரா உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள், அவர்களே நகர்ந்துவிடுவார்கள்.

அகலமாக எடுக்கிற லென்ஸைத் தொடாதீர்கள். அது ஓரத்தில் நிற்கும் மாமியைப் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்கிவிடும், அவர் அந்தப் படத்தை ஒருநாளும் மன்னிக்க மாட்டார். பின்னுக்குப் போங்கள், வாசல்படலை தாண்டி வீதிக்கே போனாலும் சரி. போனை நெஞ்சுயரத்தில் நேராகப் பிடியுங்கள்.

எத்தனை படம் எடுப்பது? நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற ஆஸ்திரேலியர் இருவர் கண் மூடுவதைக் கணக்குப் போட்டு 2006இல் இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கும் வேடிக்கைப் பரிசு) வாங்கினார்கள். இருபது பேருக்கு உட்பட்ட கூட்டமானால், நல்ல வெளிச்சத்தில் ஆட்தொகையை மூன்றால் வகுங்கள். பதினைந்து பேருக்கு ஐந்து படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லாக் கண்ணும் திறந்திருக்க வாய்ப்பு. முப்பது பேரானால் இருபதுக்குக் குறையாமல் எடுங்கள் என்பது என் அனுபவம்.

கச்சான் காற்று, அதாவது மேற்குப் பக்கக் காற்று, வீசும் காலம் அது. காற்றுக்கு முகம் காட்டி நின்றால் தலைமயிர் பின்னுக்குப் போகும், முந்தானையும் அடங்கும். பின்னேரம் 6.20 அளவில் சூரியன் மறையும், நாலரைக்கே கதிரை போடத் தொடங்குங்கள். முப்பது பேரைச் சேர்க்க அவ்வளவு நேரம் எடுக்கும்.

அம்மம்மா படம் எடுக்க விடுகிறாவே இல்லை. "நான் வடிவில்லை, விடு" என்று முகத்தை மூடுகிறா.

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அவரைக் கதிரையில் இருத்தி, "சிரியுங்கோ" என்று சொல்லாதீர்கள். குசினிக்குள் போய்ப் பக்கத்தில் இருங்கள். தேங்காய் துருவும்போது, மீன் அரியும்போது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போது முதலில் கையை மட்டும் எடுங்கள். எடுத்ததை அவருக்குக் காட்டுங்கள். என் தாயாரின் கையை அப்படி எடுத்தேன்: ஆட்காட்டி விரலில் பழைய அரிவாள் தழும்பு, நகத்தில் மஞ்சள், தேய்ந்து மெலிந்த காப்பு. படத்தைப் பார்த்து, "இந்தக் காப்பு உன் அப்பா மூதூரால் வந்தபோது வாங்கித் தந்தது" என்று கதை சொல்லத் தொடங்கிவிட்டார். கதை சொல்லும்போது அவருக்குக் கமரா மறந்துபோயிற்று. அவருடைய மிக நல்ல படம் அன்றுதான் எடுபட்டது. அவர் போன பிறகு சுவரில் மாட்டியிருப்பதும் அதுதான்.

அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் பார்க்கலாம்.

பிள்ளை ஒரு இடத்தில் நிற்காது.

நிற்கவைக்காதீர்கள். நீங்கள் குந்தியிருந்து அதன் கண்ணுயரத்துக்கு வாருங்கள், ஓடுகிற வழியில் வெளிச்சமான இடத்தில் காத்திருங்கள், தொடர்ச்சியாக எடுங்கள்.

போனில் எடுத்தால் எல்லோரும் வெள்ளையாக வருகிறார்கள். அது நல்லதுதானே?

நல்லதில்லை. அது உங்கள் பிள்ளையின் முகம் இல்லை. முகத்தை மினுக்கி வெளுப்பாக்குகிற அழகு முறையைக் கமரா அமைப்புக்குள் போய் நிறுத்திவிடுங்கள். கறுத்த தோலுக்கு இருக்கிற மினுமினுப்பு, கன்னத்து மேட்டில் வெளிச்சம் விழும் இடம், எல்லாவற்றையும் அது மாவாக்கிவிடும். சாமத்தியச் சடங்கு அல்பத்தில் தன் மகளை வெளுப்பாக்கித் தரச் சொல்லிக் கேட்கிற தாய்மாரிடம் நான் கெஞ்சிச் சொல்வேன்: அந்தப் பிள்ளை முப்பது வயதில் இந்த அல்பத்தைத் திறக்கும்போது தன்னைத்தான் தேடும். முகம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்துங்கள், நிறத்தை மாற்ற வேண்டாம்.

படம் எடுப்பது எப்போதும் நான்தான். எந்தப் படத்திலும் நான் இல்லை.

பல வீடுகளில் அது அம்மாதான். எடுப்பவரும் அவரே, பரிமாறுகிறவரும் அவரே. போனை யன்னல்விளிம்பில் சாய்த்து, பத்து விநாடி டைமர் வைத்து ஓடி வாருங்கள். நோன்புப் பெருநாளைக்குச் சாப்பாடு கொண்டுவருகிற கிண்ணியா நண்பரிடமோ, நத்தார் கேக் கொண்டுவருகிற பக்கத்துவீட்டு அன்ரியிடமோ போனைக் கொடுங்கள். அவர்களையும் இன்னொரு படத்தில் சேர்த்து நிறுத்துங்கள்.

எடுத்த படங்களை எப்படி வைத்திருப்பது?

இந்த ஊரில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது அல்பத்தை விட்டுவிட்டு ஓடியவர்கள், 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டோடு சேர்த்துப் படங்களையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இறந்துபோன தகப்பனுக்கு மிஞ்சியது அடையாள அட்டைப் படம் மட்டும்தான் என்று அதைக் கொண்டுவந்து, "பெரிதாக்கித் தாருங்கோ" என்று கேட்டவர்களுக்கு நான் வேலை செய்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: ஒரே போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். போனில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, வேறு ஊரில் இருக்கிற சகோதரியின் வீட்டில் ஒன்று.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். 4க்கு 6 அங்குலத்தில் பிரதி எடுக்க 1200க்கு 1800 பிக்ஸல் இருந்தால் தாராளம். பெரிதாக்கும்போதுதான் சுருங்கிய படம் காட்டிக்கொடுக்கும்.

வருஷத்துக்குப் பத்துப் படமாவது பிரதி எடுங்கள். சட்டகத்தில் போடும்போது கண்ணாடியில் நேராகப் படம் ஒட்டாமல் இடையில் அட்டை வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போனால் பிரிக்க முடியாது. வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய பழைய படங்களைக் காய்ந்த பிறகு இழுத்துப் பிரிக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, மெதுவாகப் பிரித்து, படப்பக்கம் மேலே பார்க்க நிழலில் உலரவிடுங்கள்.

பின்பக்கத்தில் மெதுவாகப் பென்சிலால் பெயர், முறை, இடம், திகதி எழுதுங்கள். "பொங்கல், வீட்டு முற்றம், இடமிருந்து வலம்: பெரியம்மா, அம்மம்மா, குஞ்சு மாமா" என்று. குஞ்சு மாமாவின் உண்மைப் பெயரையும் எழுதுங்கள், வீட்டில் அது தெரிந்தவர் இன்று எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். இதை அம்மம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தப் பொங்கலுக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.